தண்டுவடக் காயத்துக்குப் பிறகு மூச்சு வாங்க வைக்கும் உடற்பயிற்சி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

தண்டுவடத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கால்ல ஏதாவது அசைவு தெரியுதா?" வீட்டுக்கு வரும் பிசியோவும் பெரும்பாலும் காலை மடக்கி நீட்டிவிட்டுப் போகிறார். மூட்டு இறுகாமல் இருக்க அது வேண்டியதுதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் மூச்சு வாங்குவது பிசியோவுக்கு. படுத்திருப்பவரின் இதயத்துக்கு அதில் வேலையே இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு காலத்தில் தண்டுவடக் காயம்பட்டவர்களைச் சிறுநீரகக் கோளாறு கொண்டுபோனது. சிறுநீர்ப் பராமரிப்பு மேம்பட்ட நாடுகளில் அது குறைந்து, இதயமும் ரத்தக்குழாய்களும் நுரையீரலும் முன்னுக்கு வந்துவிட்டன. கனடாவின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பை வைத்து 2013இல் வெளியான ஆய்வில், வயதையும் பாலினத்தையும் கழித்துப் பார்த்த பிறகும், தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு இதய நோய் வாய்ப்பு 2.7 மடங்காகவும் பக்கவாத வாய்ப்பு 3.7 மடங்காகவும் இருந்தது. பக்கவாதம் என்றால் மூளை. மூளையின் ரத்தக்குழாய்களும் இதே கணக்கில்தான் வருகின்றன.

காரணங்கள் புரியாத புதிர் ஒன்றும் இல்லை. உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. அவை சும்மா கிடந்தால் ரத்தத்தில் உள்ள சர்க்கரைக்குப் போக்கிடம் குறைகிறது, நல்ல கொழுப்பான எச்டிஎல் இறங்குகிறது, வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது. வெளியே பார்த்தால் ஆள் ஒல்லியாகத்தான் தெரிவார். அதனால்தான் தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 22ஐத் தாண்டினாலே எடை அதிகம் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இதற்கு மேல் ரத்த அழுத்தம் வேறு ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்குகிறது.

சரி, எவ்வளவு உழைத்தால் போதும்? காயம் பட்டு ஒரு வருடம் கழிந்த பெரியவர்களுக்கென்று சர்வதேசக் குழு ஒன்று தயாரித்த வழிகாட்டுதல் இது. உடல் திறன் கூட, வாரம் இரண்டு நாள், தலா 20 நிமிடம் நடுத்தரம் முதல் கடுமை வரையிலான ஏரோபிக் பயிற்சி, அதாவது மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி. கூடவே வாரம் இரண்டு முறை, வேலை செய்கிற ஒவ்வொரு பெரிய தசைக்கும் மூன்று செட் வலுப் பயிற்சி. இதயம், சர்க்கரை, கொழுப்புக்குப் பலன் வேண்டுமென்றால் ஏரோபிக் மட்டும் வாரம் மூன்று நாள், தலா 30 நிமிடம். மொத்தத்தில் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். ஒரு வருடம் ஆகாதவர்கள் தொடங்கவே கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை, மேற்பார்வையோடு தொடங்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

முதலில் காகிதங்களை எடுங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரியில் உங்கள் லெவல் எழுதியிருக்கும்: சி6, டி4, டி10, எல்1 இப்படி. சி என்றால் கழுத்து, டி என்றால் மார்பு, எல் என்றால் இடுப்புப் பகுதி. உணர்ச்சி எங்கே நிற்கிறது என்பதை வைத்தும் ஓரளவு தெரியும். டி4 முலைக்காம்பு மட்டம், டி6 மார்பெலும்பு முடியும் இடம், டி10 தொப்புள். இதில் டி6 என்ற கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டி6இலோ அதற்கு மேலேயோ காயம் உள்ளவர்களுக்கும் கீழே உள்ளவர்களுக்கும் விதிகள் மாறுகின்றன.

அடுத்து டாக்டர். ஆபரேஷன் செய்தவரிடம் கம்பி, ஸ்க்ரூ எல்லாம் உறுதியாக இருக்கிறதா, கையால் இழுக்கலாமா, தூக்கலாமா என்று கேளுங்கள். பொது மருத்துவரிடம் ஈசிஜி, சர்க்கரை, மூன்று மாத சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, ஹீமோகுளோபின். டி5க்கு மேல் காயம் இருந்தால் மாரடைப்பின் நெஞ்சுவலி தெரியாமலே போகலாம். திடீர் மூச்சுத்திணறல், தாடை வலி, காரணமில்லாமல் ஸ்பாஸம் (தசை தானாக இறுகித் துடிப்பது) கூடுவது, இவைதான் சில சமயம் ஒரே அறிகுறி. ஆகவே "எனக்கு வலி இல்லையே" என்பதை நம்பி ஈசிஜியைத் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டுக்கு ஒரு பிபி மெஷின் வாங்குங்கள். ஒரு வாரம், காலையும் மாலையும், உட்கார்ந்த நிலையில் அளந்து நோட்டில் எழுதுங்கள். கழுத்துக் காயம் உள்ளவர்களுக்கு மேல் அழுத்தம் (பிபியின் முதல் எண்) 90, 100 என்றே இருக்கும், அது அவர்களுக்கு வழக்கமான அளவு. உங்கள் வழக்கமான அளவு எது என்று தெரியாமல் அடுத்த பகுதியைப் பயன்படுத்த முடியாது.

காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது, உட்காரும் இடத்தில் புண், இவற்றில் ஏதாவது இருந்தால் இப்போது தொடங்க வேண்டாம். கால் வீக்கத்தில் ரத்தக் கட்டி இருக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

டி6இலும் அதற்கு மேலும் காயம் உள்ளவர்கள்: பிபி எகிறினால்

ஒருவர் கை சைக்கிள் (கையால் பெடல் சுற்றும் மெஷின்) சுற்றிக்கொண்டிருக்கிறார். காயம் சி6. பத்து நிமிடம் ஆனதும் முகம் சிவக்கிறது, நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நிற்கிறது. "சூப்பர், விடாதீங்க" என்கிறார் பக்கத்தில் நிற்பவர். ஆனால் சி6 முழுக் காயத்தில் (காயத்துக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் முழுதாகப் போன நிலையில்) உழைப்புக்கு வேர்வை பெரும்பாலும் வராது. வந்தால் வேறு ஏதோ நடக்கிறது. குனிந்து பார்த்தால் யூரின் பேக் குழாய் தொடைக்கு அடியில் மடிந்து கிடக்கிறது, பேக்கில் நெடுநேரமாகச் சொட்டுகூட இறங்கவில்லை. சிறுநீர்ப்பை நிரம்பித் தெறிக்கிறது, அந்தச் செய்தி மூளைக்குப் போகவில்லை, காயத்துக்குக் கீழே இருக்கும் நரம்புகள் தாமாகவே ரத்தக்குழாய்களை இறுக்கிவிடுகின்றன.

இதற்குப் பெயர் ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா. சுருக்கமாக ஏடி என்பார்கள். மேல் அழுத்தம் உங்கள் வழக்கமான அளவைவிட 20 முதல் 40 வரை ஏறினாலே ஏடியாக இருக்கலாம். மண்டை இடிப்பது, காயத்துக்கு மேலே வேர்ப்பதும் சிவப்பதும், மூக்கடைப்பு, மயிர்க்கூச்செறிதல், காரணம் தெரியாத பதற்றம் ஆகியவை அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகும். மூளையைக் காப்பாற்றச் செய்கிற பயிற்சியில் மூளைக்கே ஆபத்து வருவது இந்த இடத்தில்தான்.

செய்ய வேண்டியது: பயிற்சியை உடனே நிறுத்துங்கள். படுக்க வைக்காதீர்கள். நம் வீடுகளில் யாருக்கு என்ன ஆனாலும் முதலில் படுக்க வைப்பது வழக்கம், ஏடியில் அது ஆபத்து. நேராக உட்கார வைத்து, காலைத் தொங்கவிடுங்கள், அழுத்தம் கொஞ்சம் இறங்கும். வயிற்று பெல்ட், இடுப்புப் பட்டை, ஷூ லேஸ், கால் பேக்கின் பட்டை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். குழாய் மடிப்பை எடுங்கள். சிஐசி (நேரத்துக்கு நேரம் குழாய் விட்டுச் சிறுநீர் எடுப்பது) செய்பவர் என்றால் உடனே சிறுநீரை எடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பிபி பாருங்கள். காரணம் கிடைக்காமல் மேல் அழுத்தம் 150க்கு மேலேயே நின்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். ஆண்மைக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரை சமீபத்தில் எடுத்திருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதோடு, அழுத்தத்தை இறக்கத் தரும் நைட்ரேட் மருந்து சேர்ந்தால் அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கிவிடும்.

ஒரு அட்டை எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்: பெயர், காயத்தின் லெவல், "எனக்கு ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா வரும், என் வழக்கமான பிபி 95/60." இந்த அட்டை இல்லாமல் கேஷுவால்டிக்குப் போனால் அங்கே 135/90 என்று அளந்துவிட்டு "நார்மலா இருக்கு, பயப்படாதீங்க" என்று திருப்பி அனுப்பக்கூடும். 95 இருக்க வேண்டியவருக்கு 135 நார்மல் இல்லை.

விளையாட்டு வீரர்கள் சிலர் போட்டியில் வேகம் கூட வேண்டுமென்றே இந்த ஏடியைத் தூண்டிவிடுவது உண்டு. சிறுநீர்க் குழாயை அடைத்து வைப்பதெல்லாம் நடந்திருக்கிறது. 'பூஸ்டிங்' என்று பெயர், பாராலிம்பிக் போட்டிகளில் தடை. வீரக் கதையாக யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இதற்கு நேர் எதிரானது பிபி இறங்குவது. முகம் வெளுத்து, கண் இருட்டி, தலை லேசாகும். வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும், பயிற்சியைச் சட்டென்று நிறுத்தும்போதும் வரும். இதற்கு மருந்தும் நேர் எதிர்: வீல்சேரைப் பின்னால் சாய்த்துக் காலை மேலே தூக்க வேண்டும். சிவந்து மண்டை இடித்தால் நிமிர்த்து, வெளுத்துக் கண் இருட்டினால் சாய். உங்களோடு இருப்பவர்களுக்கு இந்த இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும்.

நாடித்துடிப்பை நம்ப முடியாதபோது

"220இலிருந்து வயதைக் கழி" என்ற கணக்கை ஜிம்மில் கேட்டிருப்பீர்கள். இதயத்தை வேகப்படுத்தும் நரம்புகள் டி1 முதல் டி5 வரையிலான இடத்திலிருந்து கிளம்புகின்றன. கழுத்தில் முழுக் காயம் இருந்தால் மூளையின் கட்டளை அங்கே போய்ச் சேராது. எவ்வளவு உழைத்தாலும் துடிப்பு 110, 130க்கு மேல் போகாது. கையில் கட்டிய ஸ்மார்ட் வாட்ச் அதைப் பார்த்துவிட்டு "லேசான நடமாட்டம்" என்று காட்டும், உங்களுக்கோ உயிர் போகும். வாட்சைக் கழற்றி வைத்துவிடலாம். டி6க்கு நன்றாகக் கீழே காயம் உள்ளவர்களுக்கு நாடித்துடிப்பு பெரும்பாலும் பயன்படும்.

அதற்குப் பதிலாக 0 முதல் 10 வரை உங்களுக்கு நீங்களே மார்க் போடுங்கள். சும்மா உட்கார்ந்திருப்பது 0, இனி ஒரு சுற்றும் முடியாது என்பது 10. 5, 6 நடுத்தரம், 7, 8 கடுமை. இன்னும் எளிய வழி பேச்சு. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் நடுத்தரம். இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் கடுமை. முழுப் பாட்டும் பாட முடிந்தால் இன்னும் வார்ம் அப்பிலேயே இருக்கிறீர்கள்.

எதைச் செய்வது

கை சைக்கிள்தான் முதல் தேர்வு. மேசையில் வைக்கிற சின்ன மெஷினே தொடக்கத்துக்குப் போதும், ஆனால் எதிர்ப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்க வேண்டும், மேசையில் ஆடாமல் இறுக்கிப் பூட்ட முடிய வேண்டும். சுழலும் அச்சு தோள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்கட்டும். அதைவிட உயர்ந்தால் தோள் கெடும். விரல் பிடிக்காதவர்களுக்குக் கைப்பிடியோடு சேர்த்து கிரேப் பேண்டேஜால் சுற்றிக் கட்டலாம். கட்டியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், முடிந்ததும் உள்ளங்கையிலும் விரல் இடுக்கிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மெஷின் இல்லையென்றால் வீல்சேரே போதும். பள்ளி மைதானம், கல்யாண மண்டபத்தின் காலி ஹால், அபார்ட்மெண்ட் பார்க்கிங், எதுவானாலும் சமதளமாக இருக்கட்டும். நீளமாக, நிதானமாகத் தள்ளுங்கள். கையை விட்டதும் ரிம்முக்குக் கீழே தொங்கவிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். குட்டிக் குட்டியாக வேகமாகத் தள்ளினால் மூச்சு வாங்குவதற்கு முன் தோள் வலிக்கும். முழங்கையை நீட்டும் பலம் உள்ளவர்கள் உட்கார்ந்தபடி குத்துச்சண்டை போல் காற்றில் குத்தலாம். இடுப்பிலும் மார்பிலும் பட்டை போட்டுக்கொண்டு, பிரேக் போட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாற வேண்டாம். மோட்டாரே காலைச் சுற்றிவிடுகிற பெடல் மெஷினை "இதயத்துக்கு நல்லது" என்று சொல்லி விற்கிறார்கள். இறுக்கம் தளர அது சிலருக்கு உதவும், இதயத்துக்கு உழைப்பு மிக மிகக் குறைவு. அதே பணத்தில் கை சைக்கிளும் நல்ல குஷனும் வாங்கிவிடலாம்.

முதல் வாரங்கள்

தொடங்குவதற்கு முன் சிறுநீரை எடுத்துவிடுங்கள் அல்லது பேக்கைக் காலி செய்யுங்கள், குழாயை ஒருமுறை கண்ணால் பாருங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்கட்டும். பிபி எழுதுங்கள்.

முதல் இரண்டு வாரம் ஐந்து நிமிடம் சுற்றி, இரண்டு நிமிடம் ஓய்வு, இப்படி மூன்று முறை. மார்க் 3, 4 போதும். உடம்புக்கு இது சுலபமாக இருக்கும், அலுப்பாகக்கூட இருக்கும். இருந்தாலும் கூட்டாதீர்கள். தோளின் தசைநாண்கள் தசையைவிட மெதுவாகத்தான் பழகும். அப்புறம் 20 நிமிடம், மார்க் 5, வாரம் இரண்டு நாள். அது கைவந்ததும் 30 நிமிடம், மூன்று நாள். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், கால் செயலிழந்தவர்கள் வீட்டிலேயே கை சைக்கிளை வாரம் 4 முறை, தலா 45 நிமிடம், 6 வாரம் சுற்றினார்கள். வெறும் வயிற்று இன்சுலின் அளவு அதற்குள்ளேயே இறங்கியது. அசுர வேகமெல்லாம் அதில் இல்லை, நடுத்தர வேகம்தான்.

30 நிமிடம் தொடர்ந்து சுற்ற முடிந்த பிறகுதான் கடும் பயிற்சி. ஐந்து நிமிடம் மெதுவாகச் சுற்றி உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு ஒரு நிமிடம் 7, 8 மார்க்கில் வேகம், இரண்டு நிமிடம் நிதானம். இப்படி ஆறு முறை. சில வாரங்களில் நிதான நேரத்தை ஒரு நிமிடமாகக் குறைத்து, வேகச் சுற்றை எட்டு, பத்தாக ஏற்றலாம். கடைசி வேகச் சுற்று முடிந்ததும் கையை விட்டுவிடாதீர்கள், ஐந்து நிமிடம் சும்மா சுற்றுங்கள். பிபி இறங்கி மயக்கம் வருவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். டி6இலும் அதற்கு மேலும் காயம் உள்ளவர்கள் முதல் சில கடும் பயிற்சிகளைப் பிசியோ பக்கத்தில் இருக்கும்போது செய்வது நல்லது.

இடையில் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ ஒன்றிரண்டு நிமிடம் பிட்டத்தின் பாரத்தை எடுங்கள். முடிந்ததும் கண்ணாடி வைத்து உட்காரும் இடத்தைப் பாருங்கள். ஒரு படுக்கைப்புண் வந்தால் மூன்று மாதப் பயிற்சி போச்சு.

வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை. காயத்துக்குக் கீழே வேர்க்காது, அதனால் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். கத்திரி வெயில் காலத்தில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். ஃபேன், கழுத்தில் ஈரத்துண்டு, முகத்திலும் கையிலும் அடிக்கத் தண்ணீர் ஸ்ப்ரே வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் எடுக்கச் சோம்பி தண்ணீரைக் குறைக்காதீர்கள், சிஐசி நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

தோளும் காலும்

வீல்சேரில் இருப்பவருக்குத் தோள்தான் கால். தள்ளுவதும், படுக்கைக்கு மாறுவதும், பயிற்சியும் எல்லாம் அதன் தலையில். நாள் முழுதும் முன்னால் தள்ளும் வேலையே நடப்பதால் வலுப் பயிற்சியில் பின்னால் இழுப்பதற்கு இரண்டு மடங்கு இடம் கொடுங்கள். ஜன்னல் கம்பியில் எலாஸ்டிக் பேண்டைக் கட்டி, முழங்கையை உடம்போடு ஒட்டிப் பின்னால் இழுத்து, தோள்பட்டை எலும்புகள் இரண்டும் நெருங்கும்வரை கொண்டுபோய், மெதுவாக விட வேண்டும். பத்து முறை, மூன்று செட். கலிபோர்னியாவின் ரான்சோ லாஸ் அமிகோஸ் மையம் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 12 வார வீட்டுப் பயிற்சியோடு வீல்சேர் தள்ளும் விதத்தையும் இடம் மாறும் விதத்தையும் திருத்தியபோது நாள்பட்ட தோள்வலி நன்றாகக் குறைந்தது.

கால் தசைகளையும் சேர்த்து உழைக்க வைக்கும் ஒரு வழி இருக்கிறது. தொடையில் எலெக்ட்ரோடு ஒட்டி, மின்தூண்டலால் காலை நீட்டி மடக்கி, கையால் துடுப்பு இழுக்கும் எஃப்இஎஸ் ரோயிங். பாஸ்டன் ஸ்பால்டிங் மறுவாழ்வு மருத்துவமனையில் பல வருடங்களாக இதைச் செய்கிறார்கள். பெரிய தசைகள் சேர்வதால் கையால் மட்டும் செய்வதைவிட இதயத்துக்கு அதிக உழைப்பு கிடைக்கும். ஆனால் டி12, எல்1 பக்கம் அடிபட்டு, தசைக்குப் போகும் நரம்பே கெட்டிருந்தால் தசை துடிக்காது. மேலும் காயத்துக்குப் பிறகு முழங்காலைச் சுற்றிய எலும்பு வெகுவாக மெலிந்துவிடும், எலும்பு அடர்த்தி பார்க்காமல் மின்தூண்டல் ரோயிங்கில் உட்காரக் கூடாது. ஏடியும் வரலாம். வீட்டில் தானாக முயல வேண்டாம்.

மூளைக்கு

கழுத்துக் காயத்துக்குப் பிறகு மறதி, கவனச் சிதறல், யோசிக்கும் வேகம் குறைவது என்று பலர் சொல்வார்கள். "மனசு சரியில்ல, அதான்" என்று வீட்டில் தள்ளிவிடுவார்கள். மனசும் ஒரு காரணம்தான். அதோடு காலையில் எழுந்து உட்காரும்போது இறங்கும் பிபி, ஏடியில் ஏறும் பிபி, விபத்திலேயே தலையிலும் பட்ட அடி எல்லாம் சேர்ந்திருக்கும். ஏரோபிக் பயிற்சி ரத்தக்குழாய்களை நெகிழ்வாக வைக்கிறது, பிடிஎன்எஃப் என்னும் நரம்பு வளர்ச்சிப் புரதத்தை ஏற்றுகிறது, மனச்சோர்வைக் குறைக்கிறது. தண்டுவடக் காயத்தில் இதயத்துக்கான ஆதாரம் அளவுக்கு மூளைக்கான ஆதாரம் இன்னும் திரளவில்லை, என்றாலும் இரண்டுக்கும் போகிற ரத்தக்குழாய் நோய் ஒன்றுதான்.

பயிற்சி மட்டும் தீர்க்காத ஒன்று தூக்கத்தில் மூச்சு நிற்பது. கழுத்துக் காயம் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் இது இருக்கிறது. பலத்த குறட்டை, காலையில் தலைவலி, பகலில் தூங்கி வழிவது இருந்தால் தூக்கப் பரிசோதனை கேளுங்கள். இதைச் சரிசெய்யாமல் கை சைக்கிளைச் சுற்றினால் பாதி உழைப்பு வீண்.

எங்கே போய்க் கேட்பது

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல மரபு உண்டு. வேலூர் சிஎம்சி டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, வீல்சேரில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். அவர் முயற்சியில் 1966இல் பாகாயத்தில் தொடங்கிய மறுவாழ்வு மையம் இன்றும் இயங்குகிறது. தென்காசி ஆய்க்குடியில், 1975இல் கழுத்தில் அடிபட்ட எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது. திருவண்ணாமலையில், முன்னாள் கிரிக்கெட் வீராங்கனை ப்ரீத்தி ஸ்ரீனிவாசனின் சோல்ஃப்ரீ அமைப்பு இருக்கிறது.

எங்கே போவதானாலும் முதலில் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். கை சைக்கிள் இருக்கிறதா? பயிற்சியின்போது பிபி பார்ப்பார்களா? ஏடி வந்தால் என்ன செய்வார்கள்? மூன்றாவதற்குத் தயங்காமல் "நிமிர்த்தி உட்கார வைப்போம்" என்று பதில் வந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, பிபி நோட்டு, மாத்திரைச் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.